சாவி போடுவதற்கு முன் மூன்று நன்றி

என் கணவருக்குக் கடவுள் பக்தி அதிகம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பக்தியைக் காருக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டார் பாருங்கள், அதில்தான் எனக்குக் குறை.

நாங்கள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். அவர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். நான் ஆபீஸில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கிறேன், ஃபாரம் நிரப்புகிறேன், அவர் பயமுறுத்தி விரட்டிய ஆட்களைக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்பக் கூப்பிடுகிறேன். பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள், என்னை ஆபீஸ் அக்கா என்பார்கள். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய வழக்கம் இதுதான். ஸ்டூடன்ட் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் இவர் டாஷ்போர்டு மேல் கையை வைப்பார். கண்ணை மூடுவார். இதுவரை தப்பித்த ஆபத்துகளில் மூன்றைப் பொறுக்கி எடுத்து, நாள், கிழமை, மணி எல்லாம் சொல்லி, சத்தமாகக் கடவுளுக்கு நன்றி சொல்வார். "இன்னைக்குக் காப்பாத்து" என்று ஒரு நாளும் கேட்கமாட்டார். ஏன் என்று கேட்டால், "நடந்ததுக்கு நன்றி சொல்லி முடிக்கவே நேரம் பத்தல. புதுசா வேற என்னத்தக் கேக்கறது" என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் நாள் கார் ஓட்ட வந்து, உள்ளங்கை வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷன் காதில் விழுவது என்ன தெரியுமா?

"கடவுளே, போன ஏப்ரல் பன்னெண்டாம் தேதி, காலையில பத்தேகால் மணி. எனக்குத் தும்மல் வந்த நேரமாப் பாத்து நம்ம போட்டோ ஸ்டூடியோக்காரர் பிரேக்குனு நெனச்சு ஆக்ஸிலேட்டர அமுக்கிட்டார். வண்டி சோபாக்கடைக் கண்ணாடிய உடைச்சுக்கிட்டு உள்ள போச்சு. கடைக்காரர் எப்பவும் நடு சோபாவுல படுத்துத் தூங்கறவர், அன்னைக்கு மட்டும் ஓரத்து சோபாவுல படுத்திருந்தாரே, அதுக்கு நன்றி."

அதோடு விடுவாரா? ரோட்டைக் கடக்கும் மாமியாரைப் பார்த்ததும், தன்னை அவர் பார்த்துவிடக் கூடாது என்று ஓட்டிக்கொண்டே இரண்டு கண்ணையும் மூடிக்கொண்ட தையல்காரம்மா கதை அடுத்து வரும். புதிதாகச் சிமென்ட் போட்ட நடைபாதையில் ரிவர்ஸிலேயே முப்பது அடி போன ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் கதை மூன்றாவதாக வரும். மூன்றும் முடிந்ததும் கண்ணைத் திறந்து, புன்சிரிப்போடு, "ம், வண்டிய எடுங்க" என்பார்.

எங்கே எடுப்பது? ஒரு கண்ணாடிக்கடைக்காரர் அந்த இடத்திலேயே பெல்ட்டைக் கழற்றி, "வீட்ல அடுப்ப அணைக்காம வந்துட்டேன் மாஸ்டர்" என்று இறங்கிப் போனார். அது நடந்து நாலு மாசம். இன்னும் அணைத்து முடியவில்லை.

அந்த ஆள் இறங்கிப் போன மறுவாரமே நான் இவருக்குத் தடை போட்டேன். "இனிமே ஒரு வார்த்தை சத்தமா வரக் கூடாது. கும்பிடணும்னா மனசுக்குள்ள கும்பிடுங்க."

அவர் முகம் சுருங்கிப் போனது. "என்னை நன்றி கெட்டவனா ஆக்கப் பாக்கறியே" என்றார்.

"நன்றிய கடவுள்கிட்ட சொல்லுங்க. ஸ்டூடன்ட்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

சரி என்று மனசுக்குள் சொல்ல ஆரம்பித்தார். முதல் நாள் பக்கத்தில் இருந்தவர் ஒரு டியூஷன் டீச்சர். மாஸ்டர் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் அசையாமல் இருப்பதைப் பார்த்ததும் நெஞ்சுவலி என்று நினைத்துவிட்டார் அந்த அம்மா. இவர் மூன்றாவது நன்றிக்கு வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து, "கூப்பிட்ட ஆறாவது நிமிஷம் ஆம்புலன்ஸ் வந்துச்சே, அதுக்கு நன்றி" என்று அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். மனசுக்குள் சொன்னது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சாப்பிடும்போது என்னிடம் ஒப்பிப்பார்.

இந்த நிலைமையில்தான் நர்ஸம்மா விஷயம் வந்தது.

நர்ஸம்மா எங்களிடம் மூன்று மாசமாகக் கற்றுக்கொள்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒன்பது வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். இவள் டூட்டிக்குப் போனால் இரண்டும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகத் தூங்கும். பக்கத்து வீட்டுக்காரி அவ்வப்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்வாள். இப்போது இவளுக்குப் பகல் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. நோயாளிகளின் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது. கார் அவர்களே தருகிறார்கள். டிரைவிங் டெஸ்ட் பாஸ் ஆன ஃபாரத்தை மட்டும் சனிக்கிழமைக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

டெஸ்ட் வெள்ளிக்கிழமை. ஏற்கனவே இரண்டு முறை ஃபெயில்.

அவள் மோசமாக ஓட்டுகிறவள் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்வரை நன்றாகத்தான் ஓட்டுவாள். ஆனால் வண்டி நடுவில் ஆஃப் ஆகிவிட்டால் போதும், அவளும் கூடவே ஆஃப் ஆகிவிடுவாள். கை தானாக ஸ்டியரிங்கை விட்டு மேலே வந்துவிடும். போன டெஸ்டில் வண்டி மார்க்கெட் சந்திப்பில் நின்றதும் கதவைத் திறந்து இறங்கி நடந்தே போய்விட்டாள். டெஸ்ட் அதிகாரி வண்டிக்குள் உட்கார்ந்தபடி அவளை 'அம்மா, அம்மா' என்று கூப்பிட்டிருக்கிறார். ஊசி போடும்போது ஒரு துளி நடுங்காத கை, கிளட்சைப் பார்த்தால் இப்படி ஆகிவிடுகிறது.

திங்கட்கிழமை காலையில் இவர் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக "பிரேக், பிரேக்" என்று கத்திக் கத்தித் தொண்டை வீங்கிக் கிடக்கிறதாம். பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பேசாத மாஸ்டரை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை எப்படிப் பாஸ் பண்ண வைப்பது? யோசித்துப் பார்த்தேன். வேறு வழியில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து அவர் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்துக்கொள்ளட்டும். சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதிப் பின்னால் நீட்டட்டும். நான் பின் சீட்டில் உட்கார்ந்து படிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை. நர்ஸம்மா நைட் டூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன். சாவியைத் திருப்பப் போனாள். இவர் கையைக் காட்டி நிறுத்தினார். பென்சிலை எடுத்து, பழைய ஃபாரம் ஒன்றின் பின்பக்கம் பரபரவென்று எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். தோளுக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். சோபாக்கடை. மாமியார். சிமென்ட்.

இதைப் போய் இந்தப் பெண்ணிடம் படிப்பதா? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "கடவுளே, இன்னைக்கு மழை இல்லாததுக்கு நன்றி. நாலு டயர்லயும் காத்து இருக்கறதுக்கு நன்றி. அப்புறம், வந்து, பெட்ரோல் இருக்கறதுக்கு நன்றி."

இவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். டாஷ்போர்டைப் படபடவென்று தட்டினார். நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன். வண்டி கிளம்பியது.

மார்க்கெட் சந்திப்பு வந்தது. சரியாக நடுவில், ஒரு குலுங்கு குலுங்கி வண்டி நின்றது. பின்னால் ஒரு வேன், ஒரு பஸ், நாலு பைக். எல்லாரும் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை. நர்ஸம்மாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு மேலே வந்துவிட்டது.

"அக்கா, நான் எறங்கிடறேன். என்னால முடியாது. என் பொண்ணுங்க தலையெழுத்து அவ்ளோதான்." கண்ணிலிருந்து கடகடவென்று கொட்டுகிறது. "நீங்களே சொல்லுங்க, உங்க ஸ்கூலுக்கு என்ன மாதிரி ஒரு தத்தி வந்திருக்காளா?"

இவர் இங்கே பென்சிலைத் தேடுகிறார். அங்கே பஸ்காரன் தலையை வெளியே நீட்டித் திட்டுகிறான். எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"தத்தியா? நீயா?" என்றேன். "உனக்குத் தத்தின்னா என்னன்னு தெரியுமாடி? இதக் கேளு." மடியில் கிடந்த சீட்டை எடுத்து, ஒரு வரி விடாமல், பஸ்காரனுக்கும் கேட்கிற மாதிரி படித்தேன். போட்டோ ஸ்டூடியோக்காரர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போன இடத்தில் அவள் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள். கடைக்காரர் ஓரத்து சோபாவில் படுத்திருந்த இடத்தில் திரும்பிப் பார்த்தாள். மாமியார் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிமென்டுக்கு வந்தபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அந்த சோபாக்காரரு எந்திரிச்சாரா அக்கா?"

"எங்க எந்திரிச்சாரு. வண்டி சத்தத்துக்கும் எந்திரிக்கல. இவர்தான் எறங்கிப் போய் எழுப்பிவிட்டார்."

"அந்தத் தையல்காரம்மாவுக்கு லைசென்ஸ் கெடச்சுதா?"

"கெடச்சு ஸ்கூல் வேன் ஓட்டுது. பின்னாடி பதினாறு குழந்தைங்க."

நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினாள், கிளட்சை விட்டாள், வண்டி நகர்ந்தது. இவர் திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் பின்னங்கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனுஷன் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இருக்கிறார் என்று. நான் போட்ட தடை அன்றோடு ஒழிந்தது. ஒத்துக்கொள்ள மனசு வரவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன், தப்பு என் பேரில்தான். எப்படியும் ஓடிப்போகிறவர்களைத்தான் அந்தப் பட்டியல் ஓட வைத்தது. இறங்கிப் போகக் கூடாதவளை அதுதான் சீட்டில் பிடித்து உட்கார வைத்தது.

புதன்கிழமை ஒவ்வொரு சிக்னலிலும் அவளே, "அடுத்தது படிங்க அக்கா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. எழுதித் தள்ளுகிறார். அன்றைக்கு வண்டி இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் கை மேலே வரப் பார்த்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

வியாழக்கிழமை ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வண்டியும் இல்லை. நர்ஸம்மா என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டாள்: "மாஸ்டர், தெனமும் மூணு நன்றி சொல்றீங்க. இருக்கறதுலயே பெரிய நன்றி எது?"

இவர் தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார். வழக்கம்போலப் பரபரவென்று இல்லை, நிறுத்தி நிறுத்தி எழுதினார். தோளுக்கு மேலாக நீட்டினார். மூன்று நாள் பழக்கத்தில் நான் முன்னால் ஒருமுறை பார்த்துக்கொள்ளாமல் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"கடவுளே, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால ஜூலை மூணாம் தேதி, மத்தியானம் பன்னெண்டரை மணி. வண்டி ஓட்டத் தெரியாத ஒருத்தி, பின் சீட்டுல பத்து மாசக் குழந்தையையும் ஒரு பெட்டியையும் வெச்சுக்கிட்டு, முதல் கியர்லயே நாலு தெரு ஓட்டிக்கிட்டு இந்தக் கேட் வரைக்கும் வந்தா. தண்டவாளத்து மேல வண்டி ஆஃப் ஆயிடுச்சு. கேட்காரர் ஓடிவந்து வண்டியப் பின்னால தள்ளிவிட்டாரே, அதுக்கு..."

என் வாய் நின்றுவிட்டது.

அந்த ஒருத்தி நான். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இவர் "இதோ வந்துட்டேன்" என்று போனால் ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவார். அப்போதுதான் ஸ்கூல் ஆரம்பித்த புதிது. நாலாவது நாள் எனக்கு வெறுத்துவிட்டது. இவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதற்குள் பெட்டியைக் கட்டி, வாசலில் நின்ற எங்கள் இன்னொரு காரின் மாற்றுச் சாவியை எடுத்து, குழந்தையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். திரும்பி வருகிற எண்ணமே இல்லை. கேட்காரர் வண்டியைப் பின்னால் தள்ளி, வீட்டுப் பக்கமாகத் திருப்பியும் விட்டார். அப்படியே வீட்டுக்குத்தான் வந்தேன். "யாருக்கும் சொல்லமாட்டேன் தாயி" என்று அந்த மனுஷன் சத்தியம் பண்ணினார். நானும் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஸ்டியரிங் பக்கம் போனதும் இல்லை.

"அப்புறம் என்ன ஆச்சு அக்கா?" என்றாள் நர்ஸம்மா.

"அப்புறம் என்ன. வீட்டுக்கு வந்தா. வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போட்டா."

அவள் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தாள். புத்திசாலிப் பெண், மேலே ஒன்றும் கேட்கவில்லை. ரயில் தடதடவென்று போனது. கேட்டைத் தூக்கினார்கள். தண்டவாளத்தின் மேல் வண்டியைப் பதமாக, நிற்கவிடாமல் ஏற்றி இறக்கினாள்.

அன்று சாயந்திரம் எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. அவர் பேச முடியாது, நான் பேசவில்லை. தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான். உட்கார்ந்து யோசித்தால் ஒன்றொன்றாக உறைக்கிறது. அந்த ஜூலை மாசத்திலிருந்துதான் இவர் ஆறு மணிக்கு மேல் கிளாஸ் எடுப்பதில்லை. கேட்டால் "இருட்டுனா கண்ணு சரியாத் தெரியல" என்பார். நானும் வருஷா வருஷம் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறேன். டாக்டரும் ஒவ்வொரு வருஷமும், கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றுதான் சொல்லி அனுப்புகிறார்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். காருக்குள் அதிகாரியும் நர்ஸம்மாவும் மட்டும்தான். நாங்கள் வெளியே, ஜன்னல் ஓரமாக நின்றோம். அதிகாரி போன தடவை நடு ரோட்டில் தனியாக விடப்பட்டவர். முகத்தில் ஈ ஆடவில்லை. "ம், எடுங்க" என்றார்.

நர்ஸம்மா எடுக்கவில்லை. டாஷ்போர்டு மேல் கையை வைத்தாள். கண்ணை மூடினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"கடவுளே, போன டெஸ்ட்ல நான் இந்த சாரை நடு ரோட்ல விட்டுட்டுப் போனப்ப, அவர் மேல ஒரு வண்டியும் ஏறாம இருந்துச்சே, அதுக்கு நன்றி. தத்தளிச்ச எத்தனையோ பேர சோபாக்கடையிலயும் சிமென்ட்லயும் காப்பாத்துனதுக்கு நன்றி. ஆபீஸ் அக்காவ ரயில்வே கேட்லேர்ந்து குழந்தையோட வீட்டுக்குத் திருப்பி அனுப்புனதுக்கு நன்றி."

அதிகாரி தன் பெல்ட்டை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டார். வண்டி போய்விட்டது.

இருபது நிமிஷத்தில் வர வேண்டியவர்கள். அரை மணி ஆயிற்று. நாற்பது நிமிஷம் ஆயிற்று. இவர் அங்கேயும் இங்கேயும் நடக்கிறார். எனக்கு அந்த இரண்டு பெண் குழந்தைகளும் போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாளே கண்ணுக்குள் நிற்கிறது.

வண்டி வந்தது. அதிகாரி இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"ரயில்வே கேட் அம்மா நீங்கதானா?"

மென்று முழுங்கினேன். "ஆமா சார். அது பழைய கதை."

"மார்க்கெட்ல வண்டி நின்னுடுச்சு. பின்னாடி லாரிக்காரன் கத்தறான். சரி, போன தடவ மாதிரிதான்னு நான் கதவு மேல கைய வெச்சுட்டேன். இந்தம்மா என்னப் பாத்து, 'பயப்படாதீங்க சார், இதவிட மோசமெல்லாம் நடந்திருக்கு'ன்னு சொல்லிட்டு ஸ்டார்ட் பண்ணாங்க. எனக்குத் தைரியம் சொன்ன மொத ஆளு இவங்கதான்." ஃபாரத்தை என் கையில் கொடுத்தார். "பாஸ். லேட்டானதுக்குக் காரணம், வழியில அந்தச் சிமென்ட் தடத்தக் காட்டச் சொன்னேன்."

நர்ஸம்மா இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, திங்கக்கிழமையிலேர்ந்து ராத்திரியில நான் வீட்ல இருப்பேன்" என்றாள். அதையே மூன்று தடவை சொன்னாள். நானும் அழுதுவிட்டேன். பிள்ளைகள் ஸ்கூல் விடுகிற நேரம் என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவர் ஸ்டியரிங் பக்கம், நான் பக்கத்தில். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"கேட்காரர் சொல்லிட்டாரா?"

தலையாட்டினார்.

"பெட்டிய வெச்சே புரிஞ்சிருக்கும் உங்களுக்கு, நான் ஒரேயடியாப் போறேன்னு. பதினெட்டு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

பென்சிலை எடுத்தார். ஒரு சின்னச் சீட்டில் எழுதி, இந்தத் தடவை தோளுக்கு மேலாக இல்லாமல், நேராக என் கையில் வைத்தார்.

'நீ ஏன் போனேன்னு எனக்கே தெரியும், உன்னை என்ன கேக்கறது. நீ திரும்பி வந்தத யார்கிட்ட சொல்லணுமோ அவர்கிட்ட தெனமும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்.'

அவர் சாவியைப் போடாமல் காத்திருந்தார். மூன்று நாளாக எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தவள் நான். அந்தச் சீட்டை மட்டும் சத்தமாகப் படிக்க என்னால் முடியவில்லை.